வீட்டில் கட்டுச்சேவல் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் இப்போது மூன்று சேவலும் ஐந்து பெட்டையும் நிற்கின்றன. சொந்தக்காரர், கூட வேலை செய்கிறவர், ஊர்ப் பையன்கள் என்று யாராவது வாரத்துக்கு ஒருவர் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்து பார்த்து வந்ததும், கால்நடை டாக்டர்கள் சொல்லிக் கொடுத்ததும், அடிபட்டுக் கற்றதும் இதில் கலந்திருக்கும்.

அசில், பெருவிடை, கட்டுச்சேவல், கிளிமூக்கு எல்லாம் ஒன்றுதானா?

ஒரே குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசில் என்பது அரபு வழியாக வந்த சொல், கலப்பில்லாத நல்ல பிறப்பு என்று பொருள். நம் பக்கம் பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழியைப் பெருவிடை என்றும், சின்னதைச் சிறுவிடை என்றும் சொல்வார்கள். சண்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தது கட்டுச்சேவல். மலாய் நாட்டுக்கோழி, ஜப்பானின் ஷாமோ எல்லாம் இதற்குப் பங்காளிகள். ஷாமோ என்ற பெயரே சியாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் பழைய பெயரிலிருந்து வந்தது.

பார்த்தவுடன் தெரியும். நிமிர்ந்த நிற்பு, அகன்ற தோள், உடம்போடு ஒட்டிய குட்டை இறகு, சின்னக் கொண்டை, தாடி இருந்தும் இல்லாத மாதிரி. கையில் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்கும், பஞ்சு மாதிரி அமுங்காது, கல் மாதிரி இருக்கும். நன்றாக வளர்ந்த சேவல் நான்கைந்து கிலோ வரும்.

கிளிமூக்கு விசிறிவால் என்பது அழகுக்காக வளர்ப்பது. கிளி மாதிரி வளைந்த குட்டை மூக்கு, நீண்ட வால், கண்காட்சிகளில் நிற்கும், நல்லது லட்சத்துக்கு மேலும் விலை போகும். முதன்முதலாக வளர்க்கிறவர்கள் அதில் பணத்தைப் போடாதீர்கள், சாதாரணப் பெருவிடையில் கை பழகட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதை நினைத்தால் பெருமையாக இருக்கும். பல்லடம் பக்கம் கொட்டகை கொட்டகையாக நிற்கிற வெள்ளை பிராய்லர் கோழியின் மார்புச் சதை எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நம் நாட்டு அசிலைச் சேர்த்து உருவாக்கிய கார்னிஷ் இனத்திலிருந்து. அந்த கார்னிஷ்தான் இன்றைய பிராய்லருக்குத் தகப்பன் வழி.

வளர்ப்பது சட்டப்படி தப்புங்களா?

வளர்ப்பது தப்பில்லை. சண்டைக்கு விடுவதுதான் தப்பு. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி பிராணிகளை மோதவிடுவது குற்றம், பந்தயம் கட்டினால் 1930-ஆம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் தனியாக வரும். பொங்கல் வந்தால் அரவக்குறிச்சி பக்கம் பூலாம்வலசு சேவல் சண்டைப் பேச்சு ஒவ்வொரு வருசமும் அடிபடும், கோர்ட், அனுமதி என்று இழுக்கும். காலில் கத்தி கட்டி விடுகிற கத்திக்கட்டுச் சண்டையில் சேவல் மட்டும் சாவதில்லை, ஆளும் செத்திருக்கிறார்கள்.

இந்தப் பறவையோடு நம் ஆட்களுக்கு இருக்கிற உறவு பழையது, அதை மறுக்கவில்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த ஒரு கோழிக்கு நடுகல்லே நட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றரை வருசம் கையில் தீனி வைத்து வளர்த்ததை ஒரு மத்தியானத்தில் வெட்டுப்பட விட எனக்கு மனசு வராது. இந்தப் பக்கத்தில் வளர்ப்பைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன், சண்டைப் பழக்கத்தைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை.

எத்தனை சேவல் வைக்கலாம்? எவ்வளவு இடம் வேண்டும்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். மற்ற நாட்டுக்கோழி மாதிரி ஒரே பட்டியில் நான்கு சேவலை விட முடியாது. ஒரு சேவலுக்கு ஒரு இடம், இன்னொரு சேவல் கண்ணில் படாத இடம். நடுவில் கம்பி வலை இருந்தால் மட்டும் போதாது. வலை வழியாகவே மோதி மூக்கையும் கொண்டையையும் கிழித்துக்கொள்ளும், ஆகவே கீழே இரண்டடியாவது தகரமோ தென்னங்கீற்றோ வைத்து மறைக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பெட்டை பத்துக் குஞ்சு பொரித்தால் ஏறக்குறைய ஐந்து சேவல். நான்கைந்து மாதத்தில் அந்த ஐந்தும் தனித்தனி இடம் கேட்கும். உங்களிடம் இருப்பது இரண்டு கூடு என்றால் மீதி மூன்றை என்ன செய்வீர்கள்? அடைக்கு முட்டை வைப்பதற்கு முன்பே இதற்குப் பதில் இருக்க வேண்டும். ஆசையில் ஆரம்பித்து, ஆறு மாதம் கழித்துச் சேவலைப் பஞ்சாரக் கூடைக்குள்ளேயே நாள் முழுக்கக் கவிழ்த்து வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வால் ஒடிந்து, எச்சத்தின் மேலேயே நின்று, கால் வெந்து, பார்க்கச் சகிக்காது.

கூடு ஆறுக்கு ஆறு அடியாவது இருக்கட்டும். பகலில் முறை வைத்து ஒவ்வொன்றாக வெளியே மேய விடுங்கள். டவுனில் காம்பவுண்டுக்குள் வளர்க்கிறவர்கள் பக்கத்து வீட்டையும் நினைக்க வேண்டும், விடிகாலை மூன்றரை நான்கு மணிக்கே கூவ ஆரம்பித்துவிடும்.

கொட்டகை எப்படிப் போடுவது?

கிழக்கு மேற்காக நீளம் வரும்படி போட்டால் வெயில் உள்ளே இறங்காது. நம் பக்கம் ஆடிக்காற்றை மறந்துவிடக்கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, பல்லடம், தாராபுரத்தில் எப்படி அடிக்கும் என்று காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். மேற்குப் பக்கம் முழுக்க அடைத்துவிடுங்கள், மற்ற பக்கம் காற்றோட்டம் இருக்கட்டும்.

கூரைக்குத் தென்னங்கீற்றுதான் நல்லது. தகரம் போட்டால் சித்திரையில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும், தகரம்தான் என்றால் மேலே கீற்றைப் பரப்புங்கள். தரைக்கு மண், அதன் மேல் தென்னை நார்க்கழிவோ கடலைத்தோலோ. சிமெண்டுத் தரை வேண்டாம், காரணம் கீழே பாதத்து ஆணி பற்றிய கேள்வியில் வரும். ஏறி நிற்கிற கட்டையும் ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம்.

கீரிப்பிள்ளை ஒரு கை நுழைகிற சந்தில் வந்துவிடும், ஒரு ராத்திரியில் ஒன்றைத் தின்று நான்கைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். சுற்றிலும் வலையை அரையடி மண்ணுக்குள் புதைத்து வையுங்கள்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய், முடிந்தால் காலையில் தீனி போடுவதற்கு முன் போய்ப் பாருங்கள். கண்ணில் நுரையோ தண்ணீரோ இருக்கக்கூடாது. காதருகே தூக்கி வைத்துக் கேளுங்கள், மூச்சில் கொறகொறப்பு இருந்தால் சளி. பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருந்தால் வயிறு சரியில்லை. மார்பு எலும்பை விரலால் தடவினால் நேராக ஓட வேண்டும், கத்தி மாதிரித் துருத்திக்கொண்டு இருந்தால் உடம்பு இளைத்திருக்கிறது. பாதத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

எங்கள் அப்பாரு சேவலைப் பார்க்கும்போது பேசவே மாட்டார். வலது கையை மார்புக்கு அடியில் கொடுத்து, இரண்டு தொடையையும் விரலுக்கு நடுவில் வைத்துத் தூக்கி, அப்படியே ஒரு நிமிசம் வைத்திருப்பார். பழகாத சேவலுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் அடிப்பு இறங்கி, கால் தளர்ந்து, கழுத்தை நீட்டிச் சுற்றும் முற்றும் பார்க்க ஆரம்பித்தால் "இது கைக்கு வரும்" என்பார். நானும் இன்றைக்கு வரை அப்படித்தான் பார்க்கிறேன்.

புதுசாக வாங்கியதை நேராகக் கூட்டத்தில் விடலாமா?

விடவே கூடாது. மூன்று வாரம் தனியாக, தூரத்தில் வையுங்கள். தீனித்தட்டு, தண்ணீர்த்தட்டு தனி. மற்றதைப் பார்த்த பிறகு கடைசியாக அதைப் பாருங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது வெள்ளைக்கழிச்சல் கேள்வியில் இருக்கிறது.

என்ன தீனி போடுவது? பாதாம், முட்டை எல்லாம் தர வேண்டுமா?

வேண்டாம். கம்பு, சோளம், கேழ்வரகு, கொஞ்சம் மக்காச்சோளம், தோட்டத்துப் பச்சை, புழு பூச்சி. முருங்கைக்கீரையும் அகத்தியும் கட்டித் தொங்கவிட்டால் கொத்திக்கொண்டே இருக்கும், பொழுதும் போகும். காலையில் கொஞ்சம், சாயங்காலம் நிறைவாக. மறுநாள் காலையில் கழுத்தடி இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள், காலியாக இருக்க வேண்டும், ராத்திரித் தீனி அப்படியே கல்லாக நின்றால் செரிமானம் கெட்டிருக்கிறது. வயதான சேவலுக்குக் கொழுப்பு ஏற விடாதீர்கள், பெட்டையோடு சேராது.

குஞ்சுகளுக்கு முதல் இரண்டு மாதம் குஞ்சுத் தீவனம் கட்டாயம், இந்த இனத்துக்கு எலும்பும் சதையும் மெதுவாகக் கட்டும், புரதம் குறைந்தால் பிறகு எவ்வளவு போட்டாலும் பிடிக்காது. நாமக்கல் பக்கத்திலிருந்து முட்டைக்கோழித் தீவனம் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதைக் குஞ்சுக்குப் போடுகிறார்கள். அது தப்பு. முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், குஞ்சின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

கரையான் பிடித்துக் கொடுத்தால் அதைப்போல ஒன்றும் இல்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்துச் சாயங்காலம் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வையுங்கள், காலையில் எடுத்துத் தட்டினால் போதும்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப்புண்ணாக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், அந்த நஞ்சு ஈரலைத் தின்றுவிடும். தெம்புக்கு என்று மாத்திரை, ஊசி, சாராயம் கொடுக்கச் சொல்கிறவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள்.

அடை வைப்பது எப்படி? முட்டை பாதிக்கு மேல் கூமுட்டையாகப் போகிறது.

ஒரு ஈட்டுக்கு, அதாவது பெட்டை தொடர்ந்து இடுகிற ஒரு சுற்றுக்கு, பத்துப் பன்னிரண்டு முட்டை வரும், அடைக்கு ஒன்பது பத்துக்கு மேல் வைக்க வேண்டாம். உடம்பு பெருத்த பெட்டை, அதிகம் வைத்தால் மிதித்து உடைத்துவிடும். முட்டையைக் கூரான பக்கம் கீழே இருக்கும்படி அரிசிக்குள்ளோ மணலிலோ நிழலான இடத்தில் வையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் போன முட்டையைச் சமைத்துவிடுங்கள். பாதிக்கு மேல் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், முதல் முட்டை மூன்று வாரம் பழசாகியிருக்கும்.

அகலக் கூடையில் மணல், மேலே வைக்கோல். எங்கள் அம்முச்சி (பாட்டி) கூடவே ஒரு இரும்புத் துண்டும், இரண்டு வரமிளகாயும், அடுப்புக்கரியும் போடுவார், இடி இடித்தால் முட்டை கெடாது என்று. இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, அவர் கூடை பழுதாகி நான் பார்த்ததில்லை. அவர் ராத்திரியில்தான் பெட்டையை முட்டை மேல் வைப்பார், சுற்றிலும் சத்தம் இருக்காது, பெட்டையும் எழாமல் உட்கார்ந்துகொள்ளும். காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏழாம் நாள் இருட்டில் போன் டார்ச்சில் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது, வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். 18-ஆம் நாளுக்குப் பிறகு கையே வைக்காதீர்கள். 21-ஆம் நாள் பொரிக்கும். அடைப்பெட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து தின்று தண்ணீர் குடித்து வர வேண்டும், எழாமலேயே கிடக்கிற பெட்டையைத் தூக்கி விட வேண்டும், இல்லாவிட்டால் சிலது பட்டினியிலேயே இளைத்துப்போகும்.

காலம் என்று பார்த்தால் தை, மாசியில் பொரித்த குஞ்சுதான் எனக்கு நின்றிருக்கிறது. கத்திரி வெயிலில் வைத்த முட்டை அதிகம் கெடும், ஐப்பசி மழையில் வந்த குஞ்சு விறைத்துச் சாகும், இந்த இனத்துக் குஞ்சுக்கு இறகு தாமதமாகத்தான் மூடும். பெட்டையில்லாமல் பல்பு வைத்து வளர்த்தால் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரம் ஐந்து டிகிரி குறைக்க வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. இன்ன சேவலின் குஞ்சு என்று சுத்தமாகத் தெரிய வேண்டுமானால், சேவலை மாற்றிய பிறகு மூன்று வாரம் முட்டையை அடைக்கு எடுக்காதீர்கள், பழைய சேவலின் வித்து அதுவரை உள்ளே தங்கும்.

ஒரு மாசக் குஞ்சு ரத்தம் வர அடித்துக்கொள்கிறதே அண்ணா?

பிறவிக் குணம். ஆனால் நெரிசல், தீனி பற்றாக்குறை, சூடு மூன்றும் அதை இரட்டிப்பாக்கும். இடத்தைக் கூட்டுங்கள், தீனித்தட்டை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், ரத்தம் வந்ததை உடனே பிரித்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுங்கள். தாயோடு மேய விட்டால் மூன்று மாதம் வரைகூடப் பெரிதாக அடித்துக்கொள்வதில்லை, தாய் அதட்டி வைத்திருக்கும். பெட்டைகளும் சண்டை போடும், அதையும் கவனியுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் என்ன செய்வது?

வந்த பிறகு செய்ய அதிகம் இல்லை, அதுதான் உண்மை. இது வைரஸ், ராணிக்கெட் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், கூட்டமே போய்விடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருசத்துக்கு முன் ஒரு சந்தையில் செவலைப் பெட்டை ஒன்றை வாங்கி, அழகாக இருக்கிறது என்ற ஆசையில் அன்றைக்கே கூட்டத்தில் விட்டேன். நான்காம் நாள் அது தீனி எடுக்கவில்லை. பத்து நாளில் பதினொரு குஞ்சும், அப்பாரு கடைசியாகத் தெரிந்தெடுத்துக் கொடுத்த வம்சத்தில் மிஞ்சியிருந்த ஒரே சேவலும் போய்விட்டன. அந்தக் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போடாமல் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான்தான் தள்ளி வைத்திருந்தேன்.

ஆகவே தள்ளாதீர்கள். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் எஃப்1 அல்லது லசோட்டா என்கிற தடுப்பு மருந்து ஒரு சொட்டு, கண்ணிலோ மூக்கிலோ. 28-ஆம் நாள் வாக்கில் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரம் ஆர்2பி ஊசி, அரை மில்லி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு பூச்சி மருந்து கொடுத்துவிட வேண்டும், நோயாக இருக்கிற கோழிக்கு ஊசி போடக்கூடாது. அப்புறம் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று உங்கள் ஊர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் பைக்கில் மாட்டிக்கொண்டு வந்த மருந்து வெறும் தண்ணீர்தான். அரசுக் கால்நடை மருந்தகங்களில் வழக்கமாகப் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கும், அதை விடாதீர்கள்.

சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம், நானும் கொடுக்கிறேன், ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று இல்லை. செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், வாய்க்காலில் வீசினால் கீழே இருக்கிற ஊர்க் கோழியெல்லாம் போகும். வரிசையாகச் சாக ஆரம்பித்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், என்ன நோய் என்று அறுத்துப் பார்த்துச் சொல்ல நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அம்மை, ரத்தக் கழிச்சல், செல்லு?

அம்மையைக் கொசு பரப்பும். கொப்புளத்தைப் பிய்க்காதீர்கள், வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுங்கள், கண் மூடிக்கொண்டால் கையால் தீனி ஊட்ட வேண்டியிருக்கும். ஆறாவது ஏழாவது வாரத்தில் இதற்கும் தடுப்பூசி உண்டு. ரத்தக் கழிச்சல் ஈரத்தில் வருவது, தரை காய்ந்திருந்தால் பாதி கவலை போச்சு, வந்தால் ஆம்ப்ரோலியம் மாதிரி மருந்தை டாக்டர் அளவு சொல்வார்.

செல்லு என்கிற பூச்சி பகலில் கட்டைச் சந்தில் ஒளிந்து ராத்திரி ரத்தம் குடிக்கும், கோழியைப் பார்த்தால் தெரியாது, டார்ச் எடுத்துக்கொண்டு கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழியில் போட்டு வைத்தால் கோழியே அதில் புரண்டு குளித்துக்கொள்ளும்.

பாதத்தில் கறுப்பாக ஆணி மாதிரி இருக்கிறது.

கனத்த உடம்பு உயரத்திலிருந்து கடினத் தரையில் குதித்துக் குதித்துப் பாதம் கன்றி, உள்ளே சீழ் கட்டும். ஆரம்பத்தில் என்றால் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சுத்தம் செய்து, மெத்தென்ற தரையில் விட்டால் ஆறும். வீங்கிச் சூடாக இருந்தால் பிளேடு எடுக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

சேவலின் காலில் வளர்கிற முள்ளை வெட்டலாமா?

முள் நீண்டு வளைந்தால் நடக்கும்போது எதிர்க் காலைக் கிழிக்கும், பெட்டையின் முதுகையும் கிழிக்கும். நுனியை மட்டும் அரத்தால் ராவுங்கள். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு, அடியோடு வெட்டினால் ரத்தம் நிற்காது.

காலில் கயிறு கட்டி வைப்பது சரியா?

கொஞ்ச நேரம் சரி. நிழலில், தண்ணீர் எட்டுகிற தூரத்தில், பருத்திக் கயிறோ துணியோ அகலமாகக் கட்டி, தினம் கால் மாற்றி. நைலான் கயிறு செதிலை அறுத்துவிடும். கட்டிப் போட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள், நாய் வந்தால் அதற்கு ஓட வழியில்லை.

மனுசரைக் கொத்துமா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

கையில் வளர்ந்தது பெரும்பாலும் கொத்தாது, மற்ற நாட்டுச் சேவலைவிடச் சாதுவாகக்கூட இருக்கும், இதன் கோபமெல்லாம் இன்னொரு சேவல் மேல்தான். ஆனால் குஞ்சோடு இருக்கிற பெட்டை பக்கத்தில் குழந்தையை விடாதீர்கள், முகத்துக்கே பாயும்.

ஒரே வீட்டுச் சேவலையும் பெட்டையையும் சேர்க்கலாமா?

ஒரு தலைமுறை தெரியாது. அப்புறம் முட்டை கூடாமல் போகும், விரல் வளைந்து பிறக்கும், நோய் தாங்காது. குறைந்தது இரண்டு வழி வைத்திருங்கள், நான்கைந்து வருசத்துக்கு ஒருமுறை நம்பிக்கையான ஆளிடம் சேவல் மாற்றிக்கொள்ளுங்கள். எந்தச் சேவல், எந்தப் பெட்டை, என்றைக்குப் பொரித்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், காகம், மயில், கீரி என்று நிறத்தை வைத்து மட்டும் ஞாபகம் வைத்தால் குழம்பும்.

மிஞ்சுகிற சேவல்களை என்ன செய்வது?

ஐந்தாம் மாதத்தில் ஒரு முடிவு எடுங்கள். நிற்பு, கால், குணம் மூன்றும் நன்றாக உள்ளதில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, அடுத்த தரத்தை வளர்க்கவென்றே கேட்கிற வீட்டுக்குக் கொடுங்கள். யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்று கேட்டுக் கொடுங்கள். கத்திக்கட்டுக்குத்தான் என்று தெரிந்தால் நான் கொடுப்பதில்லை, விலை இரண்டு மடங்கு சொன்னாலும் சரி. மீதியைக் கறிக்கு எடுப்பதில் தப்பேதும் இல்லை, கறி இறுகலாக இருக்கும், வரமிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டு மெதுவாக வேகவிட வேண்டும். யாரும் கேட்கவில்லை, அறுக்கவும் மனசு வரவில்லை என்றால் அடுத்த ஈட்டு முட்டையை அடை வைக்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் இந்தத் தை மாதம் ஒரே ஒரு கூடைதான் வைத்திருக்கிறேன், கூடு ஒன்றுதான் காலி.